டிவியில் நான் சொன்ன நாலு பேர் கணக்கு

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடின இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன், ஆனாலும் இதை எழுதியாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். காரணம், எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு டிவிக்கார அம்மாவைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. அவர் நல்லவரா, காசுக்குப் பேசுகிறவரா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாலைந்து வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நடந்தது. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. பூச்சட்டி என்று நாங்கள் சொல்லும் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. இருபது வருடமாக அதே வேலைதான்.

ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஏதாவது ஆனால் நாலு பேரும் நாலு வாசல் வழியாக ஓடிவிடலாம் என்று வைத்த சட்டம் அது. ஆனால் சீசன் வந்துவிட்டால் ஆர்டர் குவியும். அஞ்சு பேர், ஆறு பேர் என்று உட்கார வைப்பார்கள். அதிகாரிகள் ஜீப் வந்தால் கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் இரண்டு தடவை விசில் ஊதுவார். பதிவேட்டில் பேர் இல்லாதவர்கள் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கும் கருவேலங்காட்டுக்குள் போய்விடுவார்கள். அதிகாரி வந்து, "எத்தனை பேருப்பா?" என்று கேட்பார். "நாலு பேர்தான் சார், சட்டப்படி நாலு பேர்தான்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மருந்து அடைக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் போர்மேன் இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொடுப்பார். இருபது வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சோறு தின்னும்போது கை வாய்க்குப் போகிற மாதிரி அது தானாக வந்துவிடும்.

அன்றைக்கு எங்கள் ரூமில் ஐந்து பேர். பதிவேட்டில் இருந்த நாலு பேரில் நான் ஒருவன். ஐந்தாவதாக, என் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கூட்டி வந்ததே நான்தான். வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அடைத்த பூச்சட்டிகளைத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, வெளியே காய வைக்கிற மேடைக்குப் போனேன். மேடையில் தட்டை இறக்கினேன். அவ்வளவுதான். ரூமுக்குள் என்ன உராய்ந்ததோ எனக்கு இன்றுவரை தெரியாது. முதுகில் யாரோ எட்டி உதைத்த மாதிரி குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் ரூம் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது. என்னோடு இருபது வருடம் வேலை பார்த்த மனிதர் அங்கேயே போய்விட்டார். இரண்டு பேருக்குக் கையிலும் முதுகிலும் காயம். அவளுக்குத்தான் ரொம்ப அடி. இரண்டு கையும் கழுத்தும் வெந்து போயிற்று.

ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதில் ஒரு அம்மாவை எனக்கே அடையாளம் தெரிந்தது. சாயங்காலச் செய்தியில் தினமும் வருகிறவர். நாற்பது வயது இருக்கும். அவர் மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டி, "அண்ணே, அந்த ரூம்ல எத்தனை பேர் வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"நாலு பேர்தான். சட்டப்படி நாலு பேர்தான்" என்று சொன்னேன்.

யாரும் சொல்லச் சொல்லவில்லை. போர்மேன் பக்கத்தில்கூட இல்லை. அந்த அம்மா கேட்டார், என் வாய் சொல்லிவிட்டது. சொன்னதே எனக்கு நினைவு இல்லை. சாயங்காலம் டிவியில் என் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரி டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனித் தரப்பில் ஒரு செய்தி கொடுத்தார்கள். ரூமில் வேலை பார்த்தது நாலே பேர். ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு பேருக்குக் காயம், ஒருவர் தப்பித்துவிட்டார். மற்றபடி அந்தப் பெண் யார் என்றே தெரியாது. யாரையோ பார்க்கச் செல்போனோடு உள்ளே நுழைந்திருக்கிறாள், அதனால்தான் வெடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதே டிவியில் அதே அம்மா அன்று சாயங்காலம் இதைப் படித்தார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் என் முகம். "நாலு பேர்தான், சட்டப்படி நாலு பேர்தான்" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்துமீறி நுழைந்து ஒரு உயிர் போகக் காரணமாக இருந்தாள் என்று அவள் மேலேயே வழக்கு வரப்போகிறது என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அவள் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை.

"மாமா, எங்கம்மா உங்க பக்கத்துல உக்காந்துதான வேலை பார்த்துச்சு?"

"ஆமாம்மா."

"பெறகு ஏன் மாமா அப்படிச் சொன்னீக?"

அந்தப் பிள்ளை அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அஞ்சு பேர் என்று நான் சொன்னதை அங்கே இருந்த ஏட்டையா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஊரே பாக்க டிவியில ஒண்ணு சொல்ற. இங்கன வந்து வேறொண்ணு சொல்ற. எதுய்யா நெசம்? நாளைக்கு மூணாவதா ஒண்ணு சொல்லுவியா?"

அவர் சொன்னதிலும் தப்பு இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. டிவியில் சொன்னது அப்படியே இருக்கிற வரைக்கும், நான் வேறு எங்கே போய் என்ன சொன்னாலும் எடுபடாது.

விஷயம் அதற்குள் போர்மேன் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

"ஏலே, உனக்கென்ன கிறுக்கா? இம்புட்டு வருசம் வாயைத் தொறக்காத பய, இப்பம் என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு? பேசாம இரு. கம்பெனி தொறந்ததும் மொதல் ஆளா உன்னையத்தான் கூப்பிடுவேன்."

"அவளை நான்தான அண்ணாச்சி கூட்டியாந்தேன்."

"பொய் சாட்சி சொன்னேன்னு உன்னையே உள்ள தூக்கி வச்சுருவாக, பாத்துக்க."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை வாசலில் நின்றதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. அந்த டிவி அம்மாவைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

டீக்கடையில் விசாரித்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னார்கள். மழை வெள்ளம் வந்தபோது கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசித்தான் அவர் பேர் வாங்கினாராம். ஒரு பெரிய அரசியல்வாதி அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மைக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனாராம். ஒரு பெண் பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கில் அந்தப் பிள்ளை யார் என்று தெரியும்படி வீட்டைக் காட்டிவிட்டார் என்று ஊரே திட்டியதாம். ஆறு மாதம் டிவியில் வராமல் இருந்தாராம். "அது சரியான சண்டைக்காரி. மன்னிப்புங்கிற வார்த்தையே அதுக்குத் தெரியாது. நீ போய் என்னத்தப் பேசப் போற? உன் வாய்க்குள்ள மைக்கை விட்டு ஆட்டிரும்" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

விருதுநகரில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டிவி வண்டிகள் நிற்கும் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். போனேன். வண்டி நின்றது. அந்த அம்மா போனில் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தார். கிட்டே போக எனக்குக் கால் வரவில்லை. ஒரு மரத்தடியில் நின்றே பொழுது போய்விட்டது. ஊருக்குத் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாளும் அதே கதைதான். "மேடம்" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வண்டி கிளம்பிவிட்டது. இனிமேல் வராது என்று ஏனோ தோன்றியது. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். டிரைவர் என்னைத் திட்டாத வார்த்தை இல்லை. அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"நீங்க அந்த பேக்டரி அண்ணன்தானே?"

"ஆமாம்மா. நான் சொன்னது தப்பும்மா. அஞ்சு பேரும்மா. அவ என் பக்கத்துல இருந்தா."

அவர் கீழே இறங்கினார். கோபம் வந்துவிட்டது. "அப்போ என்கிட்ட பொய் சொன்னீங்களா? உங்களை நம்பித்தானே நான் அந்தச் செய்தியைப் போட்டேன்?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம், எல்லாவற்றையும் சொன்னேன். வாட்ச்மேன் விசில், கருவேலங்காடு, அதிகாரிக்குச் சொல்லும் பதில், எல்லாம். "பொய் சொல்லணும்னு சொல்லலம்மா. ஆபீசருக்குச் சொல்ற பதிலு. நீங்க கேட்டதும் அதுவா வந்துருச்சு" என்றேன்.

கூட இருந்த கேமராக்காரர், "அக்கா, இதைப் போட்டா ஒரு வாரமா நாம சொன்னது அத்தனையும் தப்புன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும். ஆபீஸ்ல விடமாட்டாங்க" என்றார்.

அதற்கு அந்த அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என்னை எல்லாரும் சேர்ந்து திட்டினாங்க. ஒண்ணு நான் செய்யாத தப்பு. இன்னொண்ணு செஞ்ச தப்பு. ரெண்டுக்குமே நான் வாயைத் திறக்கல. இந்தத் தடவை திறக்கணும்." பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க இப்போ சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டியின் படியில் உட்கார்ந்து என் உள்ளங்காலைக் காட்டினேன். நாங்கள் ரூமுக்குள் செருப்புப் போடக் கூடாது. காலை நீட்டிக்கொண்டு நடுவில் தட்டை வைத்து மருந்து அடைப்போம். மருந்தில் இருக்கிற அலுமினியத் தூள் குதிகால் வெடிப்புக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் மாதக்கணக்கில் போகாது. வெள்ளிக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

"அவ கையெல்லாம் வெந்துருச்சும்மா. கால் நல்லாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க. ஒரு நாள் எட்டிப் பாக்க வந்தவளுக்கு இப்படி ஏறாது."

அவளைச் சேர்த்திருந்த மதுரைக்கு அன்றைக்கே போனோம். ஆஸ்பத்திரியில் கேமராவை உள்ளே விட முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேமராவை வெளியிலேயே வைத்துவிட்டு, அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு என்னோடு உள்ளே வந்தார். நர்ஸ் போர்வையைக் கால் பக்கம் கொஞ்சம் விலக்கினார். இரண்டு குதிகாலிலும் வெடிப்புக்குள் வெள்ளிக் கோடு. என் காலில் இருந்ததைப் போலவே.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "போனை நான் உள்ள கொண்டு போகலண்ணே. பையிலதான் இருந்துச்சு. பை மரத்துல தொங்குச்சு" என்றாள். மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். "நான் அங்கன உக்காந்து வேலை பார்த்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே."

டிவி அம்மா அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் சரி என்ற பிறகு, தன் போனில் அந்தக் கால்களை மட்டும் ஒரு படம் எடுத்தார். "முகம் வராது. பயப்படாதீங்க" என்று இரண்டு தடவை அவளிடம் சொன்னார்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே ரோட்டோரத்தில் கேமராவை வைத்தார்கள். மைக் வந்தது. "சொல்லுங்கண்ணே, எத்தனை பேர் வேலை பார்த்தீங்க?"

"நாலு பேர்தான்" என்றேன்.

இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. சத்தியமாக வேண்டும் என்று சொல்லவில்லை. கேமராக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கேட்டார்கள். "நா" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஓடிவிடலாமா என்று இருந்தது. உள்ளே படுத்திருக்கிறவளை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? "இன்னொருக்கா கேளுங்கம்மா. நான் சொல்லிருவேன்" என்றேன்.

அந்த அம்மா மைக்கைக் கீழே இறக்கினார். "எண்ணிக்கையே வேண்டாம்ணே. ரூம் வாசல்ல நிக்கிறீங்கன்னு நினைச்சுக்கோங்க. யார் யார் எங்கெங்க உக்காந்திருக்காங்க? பேரை மட்டும் சொல்லுங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். ரூம் தெரிந்தது. கிழக்கு வாசல் பக்கம் இறந்துபோனவர். அவர் பேரைச் சொன்னேன். அவருக்கு எதிரே ஒருவர், ஜன்னலோரம் ஒருவர், பேர்களைச் சொன்னேன். மேற்கு வாசல் பக்கம் நான். எனக்கு வலது பக்கம் அவள். அவள் பேரையும், அவள் அப்பா பேரையும், எந்தத் தெரு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது என் வலது கையில் ஐந்து விரலும் மடங்கியிருந்தன. அதை அப்படியே கேமராவுக்குக் காட்டி, "அஞ்சு பேரு" என்றேன்.

அன்று சாயங்காலச் செய்தியில் அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டீக்கடையில், "என்னப்பா, உன் படம் எப்பம் ரிலீசு?" என்று கேலி செய்தார்கள். போர்மேன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் போல என்று நினைத்தேன். ஆனால் என்னளவில் நான் விடுவதாக இல்லை. அந்த டிவி போடாவிட்டால் வேறு டிவி. எத்தனை வண்டிக்கு முன்னால் வேண்டுமானாலும் நிற்பது என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் ஏழு மணிச் செய்தி. அந்த அம்மா வந்தார். வழக்கமாக ஆரம்பத்தில் வரும் தடபுடல் சத்தம் ஒன்றும் இல்லை. "போன வாரம் பட்டாசு ஆலை விபத்து பற்றி நான் சொன்ன செய்தி தவறு. விசாரிக்காமல் சொன்னது நான். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். பிறகு என் முகம் வந்தது. மடங்கின ஐந்து விரல் வந்தது. வெள்ளிக் கோடு போட்ட இரண்டு கால்கள் வந்தன. டீக்கடையில் நின்றுதான் பார்த்தேன். கடைக்காரர் டீயை என் கையில் கொடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். காயம் பட்ட மற்ற இரண்டு பேரும் அதன் பிறகு வாயைத் திறந்தார்கள். அவள் மேல் போட இருந்த வழக்கு இல்லாமல் போயிற்று. வேலைக்கு வந்த இடத்தில் காயம் பட்டவள் என்று அவள் பேரைச் சேர்த்து எழுதினார்கள். அவள் மகள் அந்தக் காகிதத்தை எடுத்து வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு தடவை வாசித்தது போதாது என்று இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

எனக்கு அந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் பிறகு வேலை கிடைக்கவில்லை. இப்போது ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக் கல் லோடு ஏற்றுகிறேன். முதுகு வலிக்கும், மற்றபடி பொழப்பு ஓடுகிறது. அவளுக்கு இடது கை விரல்கள் சரியாக மடங்காது. வலது கையால் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். மகள் நர்சுக்குப் படிக்கிறாள்.

அந்த அம்மா அதற்கப்புறம் ஒரு மாதம்தான் அந்த டிவியில் இருந்தார். அவர்களே அனுப்பிவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வேறு இடத்தில் பெரிய சம்பளம் கேட்டுத் தானே போனார் என்று சிலர் சொல்கிறார்கள். எதிர்க் கம்பெனிக்காரனிடம் வாங்கிக்கொண்டுதான் அந்தச் செய்தியையே மாற்றினார் என்றுகூட ஒருவர் டீக்கடையில் அடித்துச் சொன்னார். இப்போது அவர் போனில் சொந்தமாகச் சேனல் நடத்துகிறார். அவர் பேசுவது எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். சில நாள் ரொம்பத்தான் கத்துகிறார். புதிதாக ஏதோ வழக்கும் இருக்கிறதாம். அதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து வருத்தப்படுவது பெரிய காரியம் இல்லை, எந்த இடத்தில் எத்தனை பேர் காதில் விழும்படி தப்பாகச் சொன்னோமோ அதே இடத்தில் அத்தனை பேர் முன்னாலும் நின்று அதைத் திருத்த வேண்டும் என்று நானும் அவரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டோம், அது போதும் எனக்கு.

எழுதி முடித்தது: மாசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.